வெயிலும் நரம்பு நோயும்

"வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய்!" என்று பிள்ளைகளை வீட்டுக்குள் இழுக்கும் தாய்மார்கள் நம்மில் பலர். அந்த வெயிலுக்கும் நரம்புகளின் நலத்துக்கும் உறவு உண்டென்கிறது மருத்துவ ஆராய்ச்சி.

மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்றொரு நோய். 1868-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதைத் தெளிவாக விவரித்தார். மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல், மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்பிழைகளுக்கும் உறை உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் படையே அந்த உறையைத் தாக்கி அரித்துவிடுகிறது. உறை போனால் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேருமா? ஒரு கண் மங்கும், கைகால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போக இந்நோய் கூடுகிறது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். வடக்கே வெயில் காயும் குவீன்ஸ்லாந்தில் குறைவு. தெற்கே குளிர்ந்த தாஸ்மேனியாவில் பல மடங்கு. நம் மலேசியாவில் அரிது. இங்கிலாந்துக்குக் குடிபோன இந்தியர்களிடம் குறைவாக இருந்த நோய், அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் கூடியிருந்ததை 1990-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இரத்தம் ஒன்றுதான், வளர்ந்த இடம்தான் வேறு.

வெயில் பட்டால் நம் தோல் வைட்டமின் டி தயாரிக்கிறது. எலும்புக்கு வலுவூட்டும் இச்சத்துக்கு, அந்தக் காவல் படையை நெறிப்படுத்துவதிலும் பங்குண்டு. அமெரிக்கப் படையினரின் இரத்தத்தை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சத்து மிகுந்திருந்த வெள்ளையருக்கு இந்நோய் குறைவாகவே வந்திருந்தது.

ஆனால், வெயில் குறைவு ஒன்றே காரணமன்று. எப்ஸ்டைன்-பார் என்னும் கிருமி தொற்றியவர்களுக்கே பெரும்பாலும் இந்நோய் வருவதாக 2022-இல் தெரியவந்தது. சிகரெட் பிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

தோட்டத்தில் இருந்தவரை பிள்ளைகள் திடலில் ஓடியாடினார்கள். பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் தொலைபேசியும் கையுமாக அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். அவர்களை வெளியே விடுங்கள். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். அதற்காக உச்சி வெயிலில் மணிக்கணக்கில் காயவேண்டாம். மத்தி மீனும் முட்டை மஞ்சள் கருவும் சாப்பாட்டில் சேரட்டும்.

தாய்மார்களே, ஒரு கண் திடீரென மங்கினாலோ, கைகால் மரமரப்பு நாட்கணக்கில் நீடித்தாலோ, "நரம்புத் தளர்ச்சி" என்று தைலம் தேய்த்துக் கொண்டிராதீர்கள்; தாயத்தும் தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால், காலத்தோடு சிகிச்சை தொடங்கினால் பாதிப்பைப் பெரிதும் குறைக்கலாம்.