க்ளோசபின், காய்ச்சல், கிட்னி

ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "அண்ணனுக்கு க்ளோசபின் ஆரம்பிச்சு மூணு வாரம். திடீர்னு காய்ச்சல். மாத்திரையை நிறுத்திடலாமா?"

நீங்களா நிறுத்தாதீங்க. சட்டுனு விட்டா நோய் வேகமா திரும்பி வரலாம். ஆனா இன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

மற்ற மருந்துகள் கேட்காத ஸ்கிசோஃப்ரினியாவுக்குத்தான் க்ளோசபின் தருவாங்க. 1975-ல் பின்லாந்துல இதை எடுத்த சிலர் வெள்ளணுக்கள் சரிஞ்சு இறந்துபோனாங்க. அதனாலதான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. காய்ச்சல்னா டாக்டர்கள் முதல்ல வெள்ளணுவைப் பார்ப்பாங்க, அடுத்து இதயத் தசை. கிட்னி ஞாபகத்துக்கு வர்றது கடைசியிலதான்.

1999-ல் லான்செட் இதழ்லயே இப்படி ஒரு கேஸ் வந்திருக்கு. கிட்னிக்குள்ள இருக்கிற நுண்குழாய்களுக்கு நடுவுல நோயெதிர்ப்பு செல்கள் குவிஞ்சு, திசு வீங்கிடுது. ஒருவித அலர்ஜி மாதிரி. ரொம்ப அபூர்வம், வந்தா பெரும்பாலும் முதல் மூணு மாசத்துக்குள்ள. தோல்ல தடிப்பு வரணும், சிறுநீர் குறையணும்னு கட்டாயம் இல்ல. க்ளோசபின் ஆரம்பிக்கிறப்போ சும்மாவே காய்ச்சல் வர்றதும் உண்டு. குழப்பமே அங்கதான்!

அதனால வெள்ளணுவுக்கு ரத்தம் எடுக்கும்போதே, "கிரியாட்டினினும் பார்த்துடலாமா டாக்டர்?"னு கேளுங்க. செலவு கம்மியான டெஸ்ட்தான். சீக்கிரம் கண்டுபிடிச்சு, டாக்டர் மருந்தை நிறுத்தினா கிட்னி பெரும்பாலும் தேறிடும். சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும், சிலருக்குக் கொஞ்ச நாள் டயாலிசிஸ். திரும்ப அதே மருந்தைக் கொடுத்தா மறுபடி வரலாம். அப்போ கடைசி நம்பிக்கையா இருந்த மருந்துக்குப் பதிலா என்னன்னு மனநல டாக்டரும் கிட்னி டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கணும்.

இன்னொண்ணு: காய்ச்சலுக்குன்னு கடையில இபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துடாதீங்க. அதுவும் கிட்னியைக் கெடுக்கக்கூடியதுதான்.