22% கொடுத்த ஸ்டாக் பெருசா, 16% கொடுத்த ஸ்டாக் பெருசா?

ஆபீஸ் கேன்டீன்ல பக்கத்து டீம் ஆள் போனை நீட்டுறார். "இந்த ஸ்டாக் அஞ்சு வருஷமா சராசரியா 22% கொடுத்திருக்கு பாஸ்." உங்ககிட்ட இருக்கிற ஸ்டாக்கோட சராசரி 16%தான். டீ ஆறிப்போகுது, மனசுக்குள்ள ஒரே யோசனை: இதை வித்துட்டு அதுக்கு மாறிடலாமா?

மாறுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பார்த்திடுவோம். இது புரியறதுக்காக நானே போட்ட நம்பர்கள், நிஜக் கம்பெனி எதுவும் இல்ல. அவர் ஸ்டாக் அஞ்சு வருஷத்துல கொடுத்தது 60%, மைனஸ் 30%, 55%, மைனஸ் 20%, 45%. கூட்டி அஞ்சால வகுத்தா 22. உங்க ஸ்டாக் கொடுத்தது 28%, மைனஸ் 4%, 30%, 2%, 24%. சராசரி 16.

ரெண்டுலயும் ஆளுக்கு 1 லட்சம் போட்டிருந்தா, அஞ்சு வருஷம் முடியறப்போ அவர்கிட்ட ₹2,01,376 இருக்கும். உங்ககிட்ட ₹2,02,044.

ஆமா, நீங்கதான் கொஞ்சம் முன்னாடி. நம்பலன்னா கால்குலேட்டர் எடுத்துப் பெருக்கிப் பாருங்க. சராசரி 6% கம்மியா இருந்தும் இது எப்படி நடக்குதுன்னா, 30% விழுந்த ஸ்டாக் பழைய இடத்துக்கு வரவே கிட்டத்தட்ட 43% ஏறணும். ஒவ்வொரு பெரிய பள்ளமும் அடுத்து வர்ற ஏற்றத்துல ஒரு பங்கைத் தின்னுடும். "சராசரி ரிட்டர்ன்"ங்கிற ஒத்தை நம்பர்ல இது தெரியவே தெரியாது.

இன்னொண்ணு, அஞ்சு வருஷம் முழுசா காத்திருக்க நம்ம வாழ்க்கை விடுமா? நாலாவது வருஷக் கடைசில தங்கச்சி கல்யாணம்னு வெச்சுக்கோங்க. அன்னிக்கு அவர் கையில ₹1,38,880, உங்க கையில ₹1,62,939. இதுவே மூணாவது வருஷக் கடைசியா இருந்தா அவர்கிட்ட ₹1,73,600, உங்ககிட்ட ₹1,59,744. அதாவது அவருக்குக் கிடைக்கிற பணத்தை ஸ்டாக் பாதி தீர்மானிக்குது, கல்யாணத் தேதி மீதியைத் தீர்மானிக்குது. மாசச் சம்பளத்துல வாழற நமக்கு ரிஸ்க்னா நிஜத்துல இதுதான்.

நான் இதைப் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். வீட்டு அட்வான்ஸுக்குன்னு சேர்த்த பணத்தை ஒரு ஸ்மால்கேப் ஸ்டாக்ல வெச்சிருந்தேன். 2020 ஏப்ரல்ல பணம் கட்டணும். ஜனவரி நடுவுல 12,362ல முடிஞ்ச நிஃப்டி மார்ச் 23 அன்னிக்கு 7,610. இண்டெக்ஸே அப்படின்னா என் ஸ்டாக் நிலைமையைக் கேக்கவே வேணாம், பாதிக்கும் கீழ. வேற வழி இல்லாம வித்தேன். அதுக்கப்புறம் அந்த ஸ்டாக் ஏறிச்சு, நல்லாவே ஏறிச்சு. எனக்கு அதனால என்ன பிரயோஜனம்?

இந்த ஏற்ற இறக்கத்தையும் ரிட்டர்னையும் ஒரே நம்பருக்குள்ள கொண்டு வரத்தான் ஷார்ப் ரேஷியோ. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் வில்லியம் ஷார்ப் 1966ல மியூச்சுவல் ஃபண்டுகளை ஒப்பிட உருவாக்கினது. 1990ல இவருக்கும் ஹாரி மார்க்கோவிட்ஸ், மெர்ட்டன் மில்லருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தாங்க.

கணக்கு சிம்பிள்தான். ஸ்டாக்கோட சராசரி ரிட்டர்ன்ல இருந்து, ரிஸ்க்கே இல்லாம கிடைக்கிற ரிட்டர்னைக் கழிங்க. வர்றதை ஸ்டேண்டர்ட் டீவியேஷனால வகுங்க. பத்தாங்கிளாஸ்ல திட்ட விலக்கம்னு போட்டோமே, அதேதான். எதுக்குடா இதெல்லாம்னு அன்னிக்குத் திட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்.

ரிஸ்க் இல்லாத ரிட்டர்ன் 6%னு வெச்சுக்குவோம். அவர் ஸ்டாக்கோட திட்ட விலக்கம் 43.4. 22ல 6 போனா 16, அதை 43.4ஆல வகுத்தா 0.37. உங்க ஸ்டாக்குக்கு 15.8. 16ல 6 போனா 10, வகுத்தா 0.63. நீங்க தாங்கிக்கிட்ட ஒவ்வொரு பங்கு ஆட்டத்துக்கும் அவரைவிட நிறைய கூலி வாங்கியிருக்கீங்க.

அந்த 6% எங்கேருந்து வந்துதுன்னு கேப்பீங்க. முறைப்படி மத்திய அரசோட டிரஷரி பில் வட்டியை எடுப்பாங்க. ஃபண்ட் ஃபேக்ட்ஷீட்ல ஷார்ப் பக்கத்துல சின்ன எழுத்துல எந்த ரேட்னு போட்டிருப்பாங்க, கண்ணைச் சுருக்கிப் பாருங்க. என்னைக் கேட்டா சம்பளக்காரங்க இன்னொரு தடவை பிஎஃப் வட்டியை வெச்சும் போட்டுப் பார்க்கணும். 2023-24, 2024-25 ரெண்டு வருஷமும் 8.25%. புத்தகப்படி இது சரியான ரேட் இல்லதான். ஆனா நமக்கு நிஜமாவே கிடைக்கிற மாற்று வழி அது. அதை வெச்சா அவர் ஸ்டாக் 0.32க்கும் உங்களுது 0.49க்கும் இறங்கிடும்.

நிஜ ஸ்டாக்குக்குப் போடறப்போ வருஷக் கணக்கு வேணாம், அஞ்சே அஞ்சு நம்பர் பத்தாது. குறைஞ்சது அஞ்சு வருஷத்து மாசக் கடைசி விலையை ஷீட்ல எடுங்க, அறுபது மாச ரிட்டர்ன் வரும். சராசரியை 12ஆல பெருக்குங்க. திட்ட விலக்கத்தை 12ஆல இல்ல, 12ஓட வர்க்கமூலத்தால, அதாவது 3.46ஆல பெருக்கணும். இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. வருஷ ரிட்டர்னை மாசத் திட்ட விலக்கத்தால வகுத்துட்டு "எனக்கு 2 வந்துது"ன்னு குதிப்பாங்க. அது நிஜத்துல 0.6தான். போனஸ், ஸ்ப்ளிட் சரிசெஞ்ச விலையை எடுக்கறதும் முக்கியம். ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் கொடுத்த மாசம், ஸ்டாக் பாதியா விழுந்த மாதிரி ஷீட் காட்டும்.

சரி, 0.63 நல்லதா கெட்டதா? தனியாப் பார்த்தா அதுக்கு அர்த்தமே இல்ல. அதே அஞ்சு வருஷத்துக்கு, அதே ரேட் வெச்சு, நிஃப்டி 50க்கும் போடுங்க. உங்க ஸ்டாக் நிஃப்டியைவிடக் கம்மியா வந்தா, ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கிட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கலாம்னு அர்த்தம். ஒத்தை ஸ்டாக்கை ஐம்பது கம்பெனிக் கூட்டத்தோட ஒப்பிடறது நியாயமான்னா, கொஞ்சம் அநியாயம்தான். வேற ஸ்டாக்குகளோட சேர்ந்து இருக்கறப்போ ஆட்டத்துல ஒரு பகுதி தானாவே அடங்கிடும். ஆனா உங்க சேமிப்புல பாதி அந்த ஒரே ஸ்டாக்ல இருந்தா இந்த ஒப்பீடு நியாயம்தான்.

இந்த நம்பரைக் கண்ணை மூடிட்டு நம்பவும் கூடாது. தினமும் 5% அப்பர் சர்க்யூட் அடிக்கிற ஒரு குட்டி ஸ்டாக்கை எடுத்துக்கோங்க. தினமும் ஒரே 5%னா திட்ட விலக்கம் கிட்டத்தட்ட ஜீரோ. அந்த மாசத்துக்கு மட்டும் ஷார்ப் போட்டா ஆகாயத்துக்குப் போகும். டெலிகிராம்ல டிப்ஸ் கொடுக்கறவங்க காட்டுற சார்ட்டும் இப்படித்தான் இருக்கும், அழகா ஏணி மாதிரி. லோயர் சர்க்யூட் ஆரம்பிச்ச பிறகு வாங்க ஆளே இருக்காது, விக்கணும்னு நினைச்சாலும் முடியாது.

பெரிய கம்பெனிலயும் இது நடக்கும். யெஸ் பேங்க் 2018 ஆகஸ்ட்ல 400 ரூபாய் பக்கம் வந்துச்சு. அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துக்குக் கணக்குப் போட்டிருந்தா பிரமாதமான ரேஷியோ வந்திருக்கும். 2020 மார்ச் 5 அன்னிக்கு ரிசர்வ் வங்கி மொரட்டோரியம் போட்டுச்சு, மறுநாள் ஸ்டாக் 20 ரூபாய்க்கும் கீழ. அப்புறம் வந்த சீரமைப்புத் திட்டத்துல, 100 ஷேருக்கு மேல வெச்சிருந்தவங்களோட 75% ஷேரை மூணு வருஷத்துக்குப் பூட்டிட்டாங்க. வாராக்கடன் எவ்வளவுன்னு பேலன்ஸ் ஷீட் தேடிப் படிச்சவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே சந்தேகம் வந்திருக்கலாம். விலையை மட்டும் பார்க்கிற எந்த ரேஷியோவுக்கும் அது தெரியாது.

இன்னொரு குறை, ஸ்டாக் தடாலடியா ஏறினாலும் ஷார்ப் அதை ஆட்டம்னுதான் எடுத்துக்கும். இறக்கத்தை மட்டும் கணக்குல எடுக்கிற சார்ட்டினோ ரேஷியோ இருக்கு, அதைத் தனி வீடியோவாப் போடறேன்.

போன மாசம் என்கிட்ட இருக்கிற ஏழு ஸ்டாக்குக்கும் இந்தக் கணக்கைப் போட்டேன். நாலு ஸ்டாக் நிஃப்டிக்குக் கீழ வந்துச்சு. அதுல மூணை வித்து இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாத்திட்டேன். (நான் செபில பதிவு செஞ்ச ஆலோசகர் இல்ல, என் முடிவை அப்படியே காப்பி அடிக்காதீங்க.) நாலாவதை விக்கப் போறப்போதான் ஒரு தப்பு கண்ணுல பட்டுச்சு. நிஃப்டிக்கு டிவிடெண்டும் சேர்ந்த டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸை எடுத்திருந்தேன், ஸ்டாக்குக்கு வெறும் விலையை மட்டும். அந்தக் கம்பெனி வருஷா வருஷம் தாராளமா டிவிடெண்ட் கொடுக்கிற ரகம். அதையும் சேர்த்துப் போட்டா நிஃப்டியை லேசாத் தாண்டிச்சு. அது இப்பவும் என்கிட்டதான் இருக்கு.