வீட்டுக்கு ஏற்ற வெந்நீர் பாய்லர் எது?

சரக்கு வாங்குவதில் நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி துவரம் பருப்பை எடுத்துப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடுவோம். அதே நாம் வீட்டுக்கு வெந்நீர் பாய்லர் வாங்கப் போனால், 'இருப்பதில் விலை குறைந்தது எது?' என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். கடையில் கொடுக்கும் விலை முதல் தவணைதான். மீதியை மின் கட்டணமாகவும், கேஸாகவும், பழுதுச் செலவாகவும் வருடக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்போம். ஆகவே வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: வீட்டில் எத்தனை பேர், வரும் தண்ணீர் எப்படிப்பட்டது, குளியலறையில் காற்றோட்டம் உண்டா?

முதலில் பழைய செம்பு பாய்லர். நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர். தேங்காய்ச் சிரட்டையும், கடையில் சேரும் உடைந்த பெட்டிப் பலகையும் போட்டாலே வெந்நீர் தயார். திறந்த முற்றமோ புழக்கடையோ உள்ள பெரிய குடும்பத்துக்கு இது இன்றும் லாபமானதே. ஆனால் மூடிய அறைக்குள் இதை ஒருபோதும் மூட்டக் கூடாது.

அடுத்து மின்சார ஹீட்டர். இதன் கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி தரும். 27 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 825 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 15 லிட்டர் வாளியில் மூன்றரை வாளிக்குக் குறையாமல் வரும். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 25 லிட்டர் போதும். இருவர் மட்டும் என்றால் 15 லிட்டரே தாராளம். 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நாள் முழுதும் போட்டு வைத்தால் தொட்டியின் சூடு வீணாகக் கசியும். நட்சத்திரக் குறி அதிகமுள்ள ஹீட்டரில் இந்தக் கசிவு குறைவு.

உடனடி வெந்நீர் தரும் 3 லிட்டர் ஹீட்டர் விலை குறைவு. ஆனால் 3 கிலோவாட் இழுத்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 3 லிட்டர்தான் குளிக்கும் சூட்டில் வரும். ஒரு வாளி நிறைய ஐந்து நிமிடம் பிடிக்கும். அது 13 ஆம்பியர் இழுப்பதால், பழைய வீட்டின் மெல்லிய வயரிங்கில் மாட்டுவது ஆபத்து.

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு படிந்து காயிலை மூடும். ஹீட்டர் 55 டிகிரியைத் தாண்டாமல் தெர்மோஸ்டாட்டை வையுங்கள். உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டி நல்லது. வருடம் ஒருமுறை திறந்து படிவை நீக்கி, உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கேஸ் ஹீட்டரைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திறந்தவுடன் வெந்நீர் கொட்டும், கரண்டும் வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் அது அறையின் காற்றை எடுத்து எரிகிறது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. குளிப்பவர் மயங்கி விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். இதனால் உயிர்கள் போன செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். கடைக்குப் பின்னாலோ மேலேயோ குடியிருக்கும் நம்மில் பலருக்குக் குளியலறையில் ஜன்னலே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவாருங்கள். வாளியில் போடும் கம்பி ஹீட்டரும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது உதவாது.

சொந்த மொட்டை மாடி உள்ளவர்கள் சோலார் ஹீட்டரைத் தாராளமாக யோசிக்கலாம். 100 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடேற்றினால், நல்ல வெயில் நாளில் நாலு யூனிட் அளவுக்கு மிச்சம். தெற்குப் பார்த்து, நிழல் விழாமல் வைக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகையும், நல்ல தண்ணீருக்குச் செம்புத் தகடு வகையும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் துணையாக மின்சாரக் காயிலும் இருக்கட்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் செலவு கட்டாது.

எந்த மின்சார ஹீட்டர் வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் ஆகியவை கட்டாயம். தொட்டி வைத்த ஹீட்டரில் சேஃப்டி வால்வும் இருக்க வேண்டும். தொட்டிக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்பதைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா என்றும் கேளுங்கள். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் இப்படித் துருவிக் கேட்டால் நாம் கோபிப்பதில்லை. பொறுமையாகப் பதில் சொல்லித்தான் விற்கிறோம். நாம் வாங்கப் போகும் இடத்திலும் அதே உரிமை நமக்கு உண்டு.