மலை ஏரியும் வீட்டுக் கழிவுநீரும்

மாணவர்களே, ஏற்காட்டு ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? சேர்வராயன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மேடுகளுக்கு நடுவே கிண்ணத்து நீர்போல் அது அமைந்திருக்கிறது. சுற்றியுள்ள சரிவில் புதிதாக வீடு எழுந்தால் அதன் கழிவுநீர் எங்கே போகும்?

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத்தான் மீன்கள் சுவாசிக்கின்றன. அழுத்தம் குறைந்தால் வாயு கரைவதும் குறையும் என்பது ஹென்றி விதி. 20 டிகிரி செல்சியஸில், கடல்மட்டத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆகவே 7.5 மில்லிகிராமே கரையும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுக்கைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது, ஐந்து நாளில் சுமார் 200 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 200ஐ 7.5ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 27 லிட்டர் ஏரிநீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிடும்! காற்றிலிருந்து அது மெதுவாகத்தான் ஈடாகும்.

"செப்டிக் டாங்க் இருக்கிறதே" என்பீர்கள். அது திடப்பொருள்களைப் படியவைக்கும், அவ்வளவே. அழுக்கில் பாதியோ அதற்கு மேலோ நீருடன் வெளியேறும். ஆழமான மண் இருந்தால் அதை வடிகட்டும். மலைச்சரிவிலோ, மண் மெல்லியதாக உள்ள இடங்களில், நீர் அடிப்பாறைமேல் வழிந்து ஓடையைச் சேரும். ஏரி நிரம்பினால் உபரிநீர் கிளியூர் அருவியாக இறங்கும். மேலே கலந்த அழுக்கும் உடன் செல்லும்.

தடுக்க வழி உண்டு. அடியில் கசியாத பாத்தி கட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பிக் கல்வாழை நட்டு, செப்டிக் டாங்க் நீரை அதன் வழியே மெல்ல விடலாம். வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். ஓடைக்கரைச் செடிகொடிகளையும் அழிக்கக் கூடாது.

தலைச்சோலையில் கட்டினாலும் சேலத்தில் கட்டினாலும், வீட்டு வரைபடத்தில் சமையலறையைக் குறிக்கும்போதே கழிவுநீர் செல்லும் வழியையும் குறிக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது? கண்டுபிடியுங்கள்.