பௌர்ணமி தாண்டட்டும், பிறகு அழிக்கலாம்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதையொட்டி வீட்டிலும் கடையிலும் இருக்கும் ஏராளமான கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாறின. மாறியதும் பலர் கண்ணில் முதலில் படுவது சி டிரைவின் சிவப்புப் பட்டை. காலியிடம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அந்த நிறம் வரும். 256 ஜிபி என்று விற்ற எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 238 ஜிபிதான். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது. அந்த 238-லும் புதிதாக 20 ஜிபிக்கு மேல் காணாமல் போயிருந்தால், கிடைத்ததையெல்லாம் அழித்துவிடத்தான் கை போகும். அந்த அவசரம் வேண்டாம் என்பதே என் கட்சி. திருவண்ணாமலை போன்ற ஊரில் அது இன்னும் வேண்டாம்.

மாதாமாதம் வரும் சிறு அப்டேட் வேறு, ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பெரிய அப்டேட் வேறு. பெரிய அப்டேட் நடக்கும்போது, நிறுவும் நிரல் பழைய விண்டோஸை அழிப்பதில்லை. சி டிரைவிலேயே ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் அதை நகர்த்திவிட்டு, புதியதை அதன் இடத்தில் அமர்த்துகிறது. பாதி வேலையில் கரண்ட் போனாலும் கணினி பழைய நிலைக்கே எழுந்து நிற்க முடிவது இதனால்தான். வேலை முடிந்த பிறகும் அந்த ஃபோல்டர் 10 நாள் இருக்கும். பிரின்டரோ ஸ்கேனரோ முரண்டு பிடித்தால் அதற்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிடலாம். கெடு முடிந்ததும் விண்டோஸே அதை நீக்கிவிடும். ஆகவே, காணாமல் போன இடத்தில் பெரும்பகுதியைக் குப்பை என்று சொல்ல முடியாது. திரும்பிப் போகும் வழி அதற்குள் இருக்கிறது.

தானாகவே போகப்போவதை இன்றே நீக்கினால் என்ன என்று கேட்கலாம். முதலில் இந்தக் கெடு 30 நாளாக இருந்தது. திரும்பிப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாட்களுக்குள்ளேயே போய்விடுகிறார்கள் என்று பார்த்துத்தான் மைக்ரோசாஃப்ட் 2016-இல் அதை 10 ஆக்கியது. தினமும் ஒரே வேலையைச் செய்யும் அலுவலகக் கணினிக்கு அது சரியான கணக்கு. திருவண்ணாமலையில் வேலையின் சுழற்சி வேறு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நம்பிப் பிழைக்கும் லாட்ஜ், டிராவல்ஸ், ஜெராக்ஸ் கடை எல்லாவற்றுக்கும் உச்சம் பௌர்ணமி. அது சுமார் 29 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. தேய்பிறையில் அப்டேட் செய்த கணினி பத்து நாள் சிக்கலில்லாமல் ஓடியது என்பதற்கு அங்கே பொருள் குறைவு. அடுத்தடுத்து நூறு பில் அடிக்கும் இரவில்தான் புதிய பிரின்டர் டிரைவரின் குணம் தெரியும். அப்போது திரும்பும் வழி மூடியிருக்கும். விண்டோஸில் இதற்கு ஒரு வசதி உண்டு, பலருக்கும் தெரியாது. அந்தப் பத்து நாள் முடிவதற்குள், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ‘டிஸ்ம்’ என்ற கட்டளைக் கருவியை இயக்கினால் கெடுவை 60 நாள் வரை நீட்டலாம். ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-க்குத் திரும்புவது ஆபத்தில்லையா என்றால், நிரந்தரமாக அங்கே தங்குவது ஆபத்துதான். ஆனால் சரியான டிரைவர் கிடைக்கும்வரை சில நாள் கடையை ஓட்ட அது உதவும்.

இடமே இல்லாமல் ஒரு மாதம் எப்படி ஓட்டுவது என்ற கேள்விதான் கனமானது. திரும்பக் கிடைக்கக்கூடியதை முதலில் நீக்கலாம்: ரீசைக்கிள் பின்னில் தேங்கியது, தற்காலிகக் கோப்புகள், அப்டேட்டுக்காக இறக்கிவைத்த துண்டுகள். ஹைபர்னேட் வசதியைப் பயன்படுத்தாதவர் அதை அணைத்தாலே சில ஜிபி கிடைக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மட்டும் நிதானம் வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் வரும் பட்டியலில் டவுன்லோட்ஸும் ஒரு வரியாக நிற்கிறது. பெயர்ப்படி அது தற்காலிகம்தான். ஆனால் பிரவுசிங் சென்டரில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஹால் டிக்கெட் எல்லாம் வந்து விழுவது அங்கேதான். வாடிக்கையாளர் மறுநாள் இன்னொரு பிரதி கேட்டு வருவார். அந்த ஒரு கட்டத்தில் டிக் விழுந்தால் அத்தனையும் போய்விடும். எஸ்எஸ்டியில் அழிந்ததை மீட்பது பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம்.

சுத்தம் செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு மைக்ரோசாஃப்டே சாட்சி. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட்டில், டாகுமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களிடம் வெறுமையாகக் கிடக்கும் பழைய ஃபோல்டர்களை நீக்க ஒரு நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. அவை எல்லாமே வெறுமையாக இல்லை. பழைய இடத்திலேயே விட்டுவைத்த கோப்புகளும் சேர்ந்து அழிந்தன. புகார்கள் வர, நான்கு நாளில் அப்டேட் நிறுத்தப்பட்டது. நவம்பர் 13-ஆம் தேதிதான் மறுபடி வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் விண்டோஸை எழுதியவர்களே ஒரு ஃபோல்டரை வெறுமை என்று தவறாகக் கணித்திருக்கும்போது, ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துடைப்பதாகச் சொல்லும் ‘கிளீனர்’ மென்பொருளை நம்பி சி டிரைவைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

கையால் அழிக்கப்போகிறவர்கள் கண்ணை உறுத்துவது ‘வின் எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர். பல ஜிபி காட்டும். அதில் ஒரு பகுதி கணக்கில் வரும் மயக்கம். அங்குள்ள கோப்புகளில் பல, விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களிலும் அதே கோப்பாகவே தெரியும். வட்டில் ஒரே பிரதிதான், பெயர் மட்டும் இரண்டு இடத்தில். ஒரே ஏக்கர் பட்டாவிலும் கிரயப் பத்திரத்திலும் இருப்பதால் இரண்டு ஏக்கர் ஆகிவிடாது, அதுபோல. அந்த ஃபோல்டரைக் கையால் அழித்தால் கணினி எழாமலே போகலாம். பழசான கூறுகளை மட்டும் பிரித்து நீக்க அதே டிஸ்ம் கருவியில் வழி இருக்கிறது.

டி.டி.பி. கடைகளுக்கு மட்டும் இன்னொரு செய்தி. யூனிகோடு, டேஸ்-16 ஆகியவற்றைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுவிட்டாலும், பழைய திருமணப் பத்திரிகைகளும் கும்பாபிஷேக அழைப்பிதழ்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பைத் திறந்தாலும் புரியாத ஆங்கில எழுத்துகளே வரிசையாக நிற்கும். வழக்கமான அப்டேட்டில் எழுத்துருக்கள் கூடவே வந்துவிடும். டிரைவை ஃபார்மட் செய்யாமல் விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அவை வருவதில்லை. ஆனால் விண்டோஸ் ஓல்டுக்குள் பழைய ஃபான்ட்ஸ் ஃபோல்டர் அப்படியே இருக்கும். கெடு முடிவதற்குள் அதை டி டிரைவுக்கோ பென் டிரைவுக்கோ நகலெடுத்து, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து சரிபார்த்த பிறகு, டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்’ என்ற வரிக்கு மட்டும் டிக் போட்டு நீக்கலாம்.