இறுதிக் கோட்டை நோக்கி

1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஒவாஹுவின் கடற்கரையில் 15 பேர் கூடினர். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், மிதிவண்டியில் 180 கிலோமீட்டர் பயணம், பின்னர் 42.2 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடிப்பதே அவர்கள் ஏற்ற சவால். அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் உருவாக்கிய அப்போட்டியை அன்று 12 பேர் நிறைவு செய்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி, 46 நிமிடம், 58 விநாடி. 'அயர்ன்மேன்' என்று உலகம் இன்று அறிந்திருக்கும் போட்டி இவ்வாறுதான் பிறந்தது.

நான்காண்டுகளுக்குப் பின், 1982 பிப்ரவரியில், ஜூலி மாஸ் என்னும் 23 வயது மாணவி உடலியக்கவியல் ஆய்வுக்காக இப்போட்டியில் கலந்துகொண்டார். யாரும் எதிர்பாராத வகையில் பெண்களில் முன்னிலை பெற்றார். ஆனால், இறுதிக் கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவருடைய கால்கள் துவண்டன. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வெற்றி பெற்றார். ஜூலியோ கைகளை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வேறுபாடு 29 விநாடிகள் மட்டுமே. தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்ட பலர் இந்த விளையாட்டின்பால் ஈர்க்கப்பட்டனர்.

அவரது மன உறுதி வணங்கத்தக்கது. எனினும், அக்காட்சியில் மற்றொரு பாடமும் உண்டு. கடும் உழைப்பின்போது, உடலில் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கே போதுமானது. அதன்பின் வழியெங்கும் சிறிது சிறிதாக உணவும் நீரும் உட்கொண்டாக வேண்டும். பசித்தபின் உண்போம் என்றிருப்பவர் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் தளர்ந்துவிடுவார். ஆகவே, அனுபவம் மிக்க வீரர்கள் தொடக்கத்தில் வேகத்தை அடக்கி, இருப்பைக் காத்துச் செல்கின்றனர். உறுதி என்பது பல்லைக் கடித்துக்கொள்வது மட்டுமன்று. முன்கூட்டியே அளந்து செலவிடுவதும் ஆகும்.

இதற்குச் சிறந்த சான்று ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா. பணி ஓய்வு பெற்று, நோயுற்ற மனைவியைக் கவனித்துவந்த காலத்தில், தம் 60ஆம் வயதில் நீச்சல் பழகத் தொடங்கினார். முதல் டிரையத்லான் போட்டியில் பங்கேற்றபோது அவருக்கு வயது 70. ஹவாயின் கோனாவில் நடைபெறும் உலகப் போட்டியை முடிக்க 17 மணி நேரம் வழங்கப்பட்டிருந்தது. 2015ஆம் ஆண்டு, சில விநாடிகள் தாமதமானதால் அவருடைய முயற்சி கணக்கில் கொள்ளப்படவில்லை. அவ்வயதில் விலகியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ மறு ஆண்டே திரும்பி வந்து, உரிய நேரத்திற்குள் முடித்தார். 2018இல், 85ஆம் வயதில், 16 மணி, 53 நிமிடம், 49 விநாடியில் மீண்டும் நிறைவு செய்தார்.

நம்மில் பெரும்பாலோர் கடலில் நீந்தப் போவதில்லை. ஆயினும், பிள்ளைகளின் கல்வி, சொந்த வீடு, ஓய்வுக்காலம் என நெடுந்தொலைவுப் பயணங்கள் நம் அனைவருக்கும் உண்டு. அவற்றை ஒருநாள் எழுச்சியால் கடக்க இயலாது. மாதந்தோறும் தவறாமல் ஒதுக்கும் சிறுதொகையும், எதிர்பாராச் செலவுக்கெனத் தனியே வைத்த கையிருப்புமே வழித்துணை. ஒரு மாதம் தவணை தவறினால் மனம் தளர வேண்டியதில்லை. அடுத்த மாதம் தொடரலாம். சில விநாடிகளில் நழுவிய இலக்கை மறு ஆண்டு எட்டிய முதியவர் நமக்கு உணர்த்துவது அதுவே.