ஒரு லட்சம் வாங்கிய கொடுமுடிக் குரல்

1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்காக கே.பி.சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். பவுன் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. அப்படியே தங்கம் வாங்கியிருந்தால் மூவாயிரம் பவுனைத் தாண்டியிருக்கும். தயாரிப்பாளரைத் திருப்பி அனுப்பத்தான் அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டார், வந்தவரோ சரி என்றுவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. எப்படியானாலும் பணம் கைக்கு வந்தது.

அந்தக் கை, சிறு வயதில் ரயில் பெட்டியில் சில்லறைக்காக நீண்ட கை.

கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர் சுந்தராம்பாள். வீட்டில் தாய் பாலாம்பாளும் உடன்பிறந்தவர்களும். அடுப்பு தினமும் எரியும் என்ற நிச்சயமில்லை. கொடுமுடி வழியாகப் போகும் ஈரோடு - திருச்சி ரயில் பாதைதான் சிறுமிக்கு வழிகாட்டியது. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எப்.ஜி.நடேச ஐயர் ஒரு நாடகப் பித்தர். பெட்டிக்குள் பாடிக்கொண்டு வந்த பெண்ணின் குரலைக் கேட்டவர், காசு போட்டுவிட்டு நகரவில்லை. நாடக மேடைக்கு வழி செய்தார். வேலு நாயர் கம்பெனியில் பாலபார்ட் எனப்படும் சிறுவர் வேடங்களோடு தொடங்கியது மேடை வாழ்க்கை.

மேலை நாட்டு ஓபரா பாடகர்களைப் போலவே நம் நாடகப் பாடகர்களுக்கும் அன்று மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் சிதையாமல் போய்ச் சேர வேண்டும். கூடவே ஆர்மோனியம், மிருதங்கம். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகைகூட இருக்காது. வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் அன்றிரவே மேடையில் எதிரெதிரே நின்று பாட்டாலும் தர்க்கத்தாலும் மோதுவார்கள். ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். சுந்தராம்பாளின் தொண்டை இப்படிப் பழகிய தொண்டை. நேப்பிள்ஸ் நகரின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோவை 1902-க்குப் பிறகு கிராமபோன் உலகெங்கும் கொண்டு போனது. அதே கிராமபோன்தான், நாடகமே பார்த்திராத தமிழ் வீடுகளுக்குள்ளும் சுந்தராம்பாளைக் கொண்டு சேர்த்தது.

சுந்தராம்பாளின் கணவரும் நாடகப் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பாவின் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. இலங்கை மேடையில் சந்தித்தது, 1927-ல் மணந்தது, 1933 டிசம்பரில் அவர் மறைந்தது, இருபத்தைந்து வயதில் இவர் வெள்ளைப் புடவை கட்டியது எல்லாம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை. அந்தக் கண்ணீரையே எழுதி, அவர் சம்பாதித்ததை எழுத மறந்துவிட்டோம். ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தவர், சினிமா உலகில் தானாகவே பாதிக் கதவைச் சாத்திக்கொண்டவர். ஆனாலும் நந்தனாராக ஆண் வேடம் கட்டினார், பிறகு ‘மணிமேகலை’, 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’. 1951-ல் சென்னை மாநில மேலவைக்குச் சென்றார். ‘துணைவன்’ படப் பாட்டுக்குத் தேசிய விருதும் 1970-ல் பத்மஸ்ரீயும் அறுபதைத் தாண்டிய குரலுக்குக் கிடைத்தவை. சம்பாதித்ததில் சொந்த ஊரில் ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். 1980-ல் மறைந்தார்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்றால், அந்த ரயில் பெட்டிக்குப் பிறகு ஓர் ஏணி இருந்தது என்பதற்காக. நாடகக் கம்பெனி என்பது ஏழைப் பிள்ளைக்குச் சோறு, பாயோடு சுருதியும் தாளமும் தந்த இடம். அடி உதையும் அங்கே உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சி உண்டு. அன்று கொடுமுடியோடு ஒரே கோவை மாவட்டமாக இருந்த திருப்பூர்ப் பக்கம் இன்று அப்படி என்ன இருக்கிறது?

நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகும் ஊர் இது. செக்கிங் டேபிளில் பிசிர் வெட்டும் பெண்கள், பவர்டேபிள் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஒருத்தி பாட மற்றவர்கள் சேர்ந்துகொள்வதைப் பனியன் கம்பெனிக்குள் போனவர்கள் கேட்டிருப்பார்கள். இரைச்சலைத் தாண்டி எழும் அந்தக் குரல்களில் சில, கொட்டகையின் கடைசி வரிசையை எட்டக்கூடியவை. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ரூமுக்குத் திரும்புகிறவள் எங்கே போய்க் கற்றுக்கொள்வாள்? அரசு இசைப்பள்ளிகள் பகலில் நடக்கின்றன. அவளுக்குப் பகல் சொந்தமில்லை.

டிவி பாட்டுப் போட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது பயிற்சி பெற்று வந்தவருக்கு மேடை தருகிறது. பாடக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை இல்லை. பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு காவடிக் கூட்டம் பழனிக்கு நடக்கிறது. பழத்துக்காகக் கோபித்து மலையேறிய முருகனை சுந்தராம்பாள் அழைக்கும் பாட்டு, கொங்கு நாட்டு ஒலிபெருக்கிகளில் அறுபது ஆண்டுகளாக ஓயவில்லை. பாட்டைக் காப்பாற்றிக்கொண்டோம். பாடும் பிள்ளையை உருவாக்கும் ஏற்பாட்டைத்தான் விட்டுவிட்டோம்.

பெரிய கட்டடம் வேண்டாம். தொழிலாளர் விடுதி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு சுருதிப் பெட்டி, சம்பளம் ஒழுங்காக வாங்கும் ஓர் ஆசிரியர் போதும். தீபாவளிக்குப் போனஸ் தரும் முதலாளிகளும், ஊர்தோறும் இருக்கும் சங்கங்களும் மனம் வைத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம். உங்கள் கம்பெனியில் பாடுகிற பெண் யார் என்பது உங்கள் சூப்பர்வைசருக்குத் தெரியும். முதலில் அவளைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.